தட்டில் ஏறாத காஞ்சி

காஞ்சிபுரத்துச் சங்கீதம் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் நாயனாப் பிள்ளை. அவர் பாடிக் கேட்பதற்கு ஒரு தட்டுகூடக் கிடையாது. சுப்பிரமணிய பிள்ளை என்ற இயற்பெயர் கொண்ட அவர் வாழ்ந்தது 1889 முதல் 1934 வரை. கிராமபோன் கம்பெனிகள் தென்னாட்டு வித்வான்களைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்த காலம் அது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அதே ஊரில் 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாளின் குரலோ தட்டு, சினிமா, வானொலி, கேசட், குறுந்தகடு என்று எங்கும் நிறைந்திருக்கிறது. இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். இந்த ஊரின் இசை வரலாற்றைப் பதிவுகளை மட்டும் வைத்து எழுதினால் எதெல்லாம் விட்டுப்போகும்? பாதிக்கு மேல் விட்டுப்போகும் என்பது என் எண்ணம். அதற்குத் தட்டின் நீளம் மட்டும் காரணம் இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நீளத்தையே எடுத்துக்கொள்வோம். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் ஓடும். நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்கு 'புல் பெஞ்ச்' என்று பெயர். எல்லா நீதிபதிகளும் கூடி உட்காரும் கோர்ட்டிலிருந்து வந்த கேலியும் மரியாதையும் கலந்த பெயர். வயலின், மிருதங்கம் போதாதென்று கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். பாடகர் ஒரு கணக்கைப் போட, ஒவ்வொருவரும் முறை வைத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் தட்டு நாலைந்து முறை தீர்ந்துபோயிருக்கும். அதோடு, 1925-ஐ ஒட்டி மின்சார ஒலிவாங்கி வரும்வரை பதிவு என்பது ஒரு ஊதுகுழல் வாய்க்குள் பாடுவதுதான். ஆறேழு தாளக் கருவிகளை அந்தக் குழலுக்கு முன் உட்கார வைத்தால் பாடகர் குரல் எங்கே கேட்கும்? தட்டுக்கேற்ற இசை என்று ஒன்று உண்டானால், அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருந்தது இவருடையது.

பதிவில்லாத பாடகரை இப்படித் தூக்கிப் பேசுவது வெறும் செவிவழிப் புகழ்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கேட்க முடியாததை எல்லாம் மகத்தானது என்று நம்பும் வழக்கம் நம் ரசிகர்களிடம் உண்டு. ஆனால் அவரிடம் கற்றவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1954-இல் சங்கீத கலாநிதி) அவருடைய நேர்ச் சீடர். வீணை தனம்மாள் தன் பேத்திகள் பிருந்தாவையும் முக்தாவையும் கீர்த்தனை பாடம் பண்ணிக்கொள்ளக் காஞ்சிக்குத்தான் அனுப்பினார். சித்தூராரிடம் லயத்தின் கனம் முன்னே நிற்கும். பிருந்தாவிடம் அதே பாடம் நிதானமான குழைவுக்குள் அடங்கிவிடும். ஒரே ஆசானிடமிருந்து இப்படி இரண்டு வழிகள் பிரிந்தன என்றால் அவரிடம் சரக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! பாடாந்தரம் சீடர்கள் வழியாகப் பிழைத்துக்கொண்டது. மேடையில் ஒருவரை ஒருவர் மடக்கிய அந்த மல்லுக்கட்டு மட்டும் யாருக்கும் பாடமாகவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு பட்டம்மாள்தான். அவருடைய தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் நாலு பேர் முன்னால் பாடியவர் அல்லர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு வானொலியும் தட்டும் செய்த உபகாரம் சாதாரணமானதா? சிறுமியாக வானொலியில் பாடினார். 1932-இல் சென்னையில் மேடை ஏறினார். சபாக்கள் தயங்கிய இடத்தில் இயந்திரம் தயங்கவில்லை. ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கும் வசதி அதற்கு இருந்தது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பட்டம்மாள் தட்டில் ஏறினார் என்று பார்க்க வேண்டும். சிறு வயதில் நாயனாப் பிள்ளை நடத்திய தியாகராஜ உற்சவத்தில் பல்லவிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆண்களின் சொத்தாகக் கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியைத் துணிந்து பாடித்தான் வித்வான்களின் மதிப்பைப் பெற்றார். மக்களிடம் போய்ச் சேர்ந்ததோ பாபநாசம் சிவன் பாட்டும், 'நாம் இருவர்' (1947) படத்தில் பாடிய பாரதி பாட்டும். பின்னாளில் நீளமான பதிவுகள் வந்தன. அதற்குள் அவரைப் பற்றிய சித்திரம் உறைந்துவிட்டிருந்தது.

காஞ்சிக்காரர்கள் பதிவை விரும்புவதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. தறியில் உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் மூன்றும் வேலையில் மாட்டிக்கொள்கின்றன. காது மட்டும் சும்மா இருக்கிறது. கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. கண்ணை எடுக்கவே முடியாது. அன்று ரேடியோ, இன்று கைபேசி. அந்த நேரத்துக்குச் சின்னச் சின்னப் பாட்டுகள்தான் தோது. தறி நிற்கிற நாளில்தான் இந்த ஊரின் பெரிய இசை நடக்கிறது. திருவிழாவும் கூத்தும் அப்படிப்பட்டவை.

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசிப் பிரம்மோற்சவத்தின் கருட சேவையைப் பாருங்கள். தெருவோரத்தில் நிற்பவர் காதில் முதலில் தூரத்துத் தவில் விழும். பிறகு நாகஸ்வரம் தெளியும். மேளம் கடந்ததும் திவ்யப் பிரபந்த கோஷ்டி, அப்புறம் பெருமாள், பின்னால் வேத பாராயணம். ஒன்று தேயும்போது மற்றொன்று வளர்கிறது. அந்த வரிசைதான் அங்கே இசையமைப்பு. கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பெருமாளோடு கூடவே ஓடுகிறவர்களின் பதிவில் இது ஒருபோதும் வராது; ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சத்தம். அசையாமல் ஒரு மூலையில் நின்றவர் பதிவில்தான் வரும். கருவியின் குறை பாதி, பிடித்த கையின் குறை பாதி. (இன்னொரு வேடிக்கை: வரதரும் காமாட்சியும் ஏகாம்பரரும் இருக்கும் ஊரிலும் விடியற்காலை ஒலிபெருக்கிகள் எழுப்புவது திருப்பதி வேங்கடேசரைத்தான். 1963-இல் வெளிவந்த எம்.எஸ்.ஸின் சுப்ரபாதத் தட்டுக்கு அவ்வளவு செல்வாக்கு.)

கூத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. காஞ்சியைச் சுற்றிய ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஆட்டம் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும். வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே தன் வரவைப் பாடுவார். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், இவற்றுக்கெல்லாம் மேலே முகவீணை. அவர் சுழன்று ஆடி மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கிக்கொள்வார்கள். நடுவில் ஒருவர் அன்பளிப்புக் கொடுப்பார். ஆட்டம் நின்று அவர் பெயர் சொல்லப்படும். கட்டியக்காரன் அதிலேயே ஒரு சிரிப்பைக் கட்டிவிடுவான். கேசட் போட்டவர்கள் முதலில் வெட்டி எறிந்தது இந்த இடங்களைத்தான்.

இப்போது யூடியூபில் நேரக் கட்டுப்பாடே இல்லை, முழு இரவையும் ஏற்றலாமே, இனி என்ன குறை என்பது அடுத்த மறுப்பு. நீளக் குறை தீர்ந்ததை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூத்துக்காரர் தன் எதிரே இருப்பவர்களைப் பார்த்துத்தான் பாட்டை நீட்டுகிறார், குறைக்கிறார். நள்ளிரவு தாண்டிப் பாதிப் பேர் தூங்கிப்போனால் ஒரு ஆட்டம், விழித்திருந்தால் வேறொரு ஆட்டம். ஒலிவாங்கி ஆடுபவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பதிலைக் கேட்கிறோம், கேள்வியை இழந்துவிடுகிறோம். மேடைக்கு மாற்றும்போதும் இதே சிக்கல்தான். கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமாரோடு கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் குழுவினர் நிகழ்த்திய 'கர்நாடிக் கட்டைக்கூத்து' துணிச்சலான முயற்சி. இரண்டு இசைகளும் ஒரே மேடையில் சமமாக உட்கார்ந்தன. ஆனாலும் அது அரங்கத்துக்கான அளவு. ஏரிக்கரை ஊரின் இரவு அதில் இல்லை.

பதிவே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 1990-இல் காஞ்சியில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலத்தை நடத்தி, ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளையும் பழக்கியது. அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பள்ளியே மூடுகிற காலத்தில் பதிவைக் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனாலேயே எதைப் பதிவது என்ற கேள்வி அவசரமாகிறது. அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார் வேடக்காரர். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுகிறார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். பழம் விழுகிற நொடியில் எழும் கூச்சலில் பாட்டு அமுங்கிப்போகும். ஒலிப்பதிவாளர் அதைக் கெட்டுப்போன பதிவு என்று ஒதுக்குவார். எனக்கு அந்தப் பதிவுதான் வேண்டும்.