குழந்தை இலக்கியத்தை அளக்கும் கோல்

குழந்தை இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் நூல்கள் புகட்டும் நீதிகளைத் தொகுத்து எண்ணுவதோடு அமைந்துவிடுகின்றன. அவ்வளவுகோல் போதாது என்பது எம் கருத்து. பிற்கால ஔவையாரின் ஆத்திசூடியையும் பாரதியாரின் புதிய ஆத்திசூடியையும் ஒப்புநோக்கின் இவ்வுண்மை விளங்கும்.

சினத்தைத் தணிக்கச் சொல்வார் ஔவையார். வெகுளியையும் பயிலச் சொல்வார் பாரதியார். நீதியே அளவெனின் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள நேரும். ஆயின் இரண்டும் நிலைபெற்றுள்ளன. காரணம் யாது? ஓரடியில் முடியும் சுருக்கமும் நெடுங்கணக்கு வரிசையும் இரண்டிற்கும் பொது. எழுத்துக் கற்கும் குழந்தைக்கு அவ்வரிசையே நினைவிற்குத் துணையாகிறது.

வடிவம் கருத்தைப் பிறப்பிப்பதும் உண்டு. ஙகரத்தை முதலாகக் கொண்டு தனித்து வழங்கும் சொல் இன்மையின், ஔவையார் அவ்வெழுத்தையே உவமையாக்கினார். சுற்றந் தழுவுதலை அது குறிப்பதாக உரைகாரர் கொள்வர். எழுத்தின் நெருக்கடியில் பிறந்த அறிவுரை இஃது என்றே யாம் கொள்ளுகிறோம்.

அறங்களை மட்டும் பட்டியலிடும் ஆய்வாளர் இதனைக் காணார். கருத்து வேறுபாடு நூல் எழுந்த காலத்தைக் காட்டும். அதனைக் குழந்தைக்குரிய நூலாக்குவது யாது என்பதை வடிவமே காட்டும். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியபின் பெருகிய பாடல்களையும் இக்கோல் கொண்டே அளத்தல் வேண்டும்.