ஆங்கிலச் சொற்கல்வியும் கைத்தொலைபேசிச் செயலிகளும்: ஊக்கல் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் கைத்தொலைபேசிச் செயலிகளை விதந்துரைப்போர், அவை மாணவரிடத்து ஊக்கலைத் தோற்றுவிக்கின்றன என்பர். எதன்பால் தோன்றும் ஊக்கல் என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. 2012ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டுவோலிங்கோவை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

இத்தகைய செயலிகளின் பெறுமதியை மறுத்தலாகாது. கற்றது எவ்வாறு மறக்கப்படுகின்றது என்பதைத் தம்மையே சோதனைக்குட்படுத்தி ஆராய்ந்த ஜேர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மறக்கும் தறுவாயில் மீட்டுக் கற்றற்குரிய அட்டைப்பெட்டி முறையைச் செபஸ்ரியன் லைற்னர் 1972இல் விளக்கினார். இன்றைய செயலிகள் பல இவ்வழி வந்தவையே. அன்றியும், ஆங்கிலத்தைச் சிங்களத்தில் வாள் எனப் பொருள்படும் 'கடுவ' என்ற சொல்லாற் குறிக்கும் வழக்கு நமது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக உண்டு. ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்து நகைப்புக்கிடமாக அஞ்சும் மாணவர்க்கு நகையாத ஆசானாக இக்கருவி அமைகின்றது. இது சிறிய நன்மையன்று.

ஆனால் டுவோலிங்கோ கற்போரை நாள்தோறும் ஈர்ப்பது சொல்லின் சுவையால் அன்று. அறாது தொடரும் நாட்களின் எண்ணிக்கையாலும், புள்ளிகளாலும், வாராந்தப் போட்டி வரிசையாலுமே. எளிய பாடத்தை மீளச் செய்தும் புள்ளி ஈட்டலாம். ஒருநாள் கற்கத் தவறினும் தொடர் அறாதிருக்கச் செயலியிலேயே வழியுண்டு. அவ்வாறாயின் பேணப்படுவது கல்வியோ, எண்ணிக்கையோ?

லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகியோர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்து எடுத்தாளப்படுவதுண்டு. பரிசு கிடைக்குமென முன்னரே அறிந்து படம் வரைந்த பிள்ளைகள், பின்னர்த் தாமாக வரைவதிற் குறைந்த நாட்டமே காட்டினர். எதிர்பாராது பரிசு பெற்றோரிடம் இவ்வீழ்ச்சி காணப்படவில்லை. எனினும் இதனை அப்படியே நமது மாணவர்க்குப் பொருத்துதல் அவசரமான முடிபாகும். அப்பிள்ளைகள் வரைதலை முன்பே விரும்பியவர்கள். பரீட்சைக்காகவும் தொழிலுக்காகவும் ஆங்கிலத்தை அணுகுவோரிடம் கெடுவதற்கு அத்தகைய விருப்பம் பெரும்பாலும் இருப்பதில்லை. இங்கு நேர்வது வேறொரு தீங்கு. புள்ளி ஈட்டியதே கற்றமையாகத் தோன்றுகின்றது. வாசிப்பிற்குரிய நேரத்தை அது கவர்ந்துகொள்கின்றது.

வாசிப்பிலேயே சொல் தன் பொருளை நிறுவிக்கொள்கின்றது. 'பவர்' என்பது பௌதிகவியலில் வலு, கணிதத்தில் அடுக்கு, அரசறிவியலில் அதிகாரம். சொல்லொன்றுக்குப் பொருளொன்றை இணைக்கும் பயிற்சி இவற்றுள் எதனைத் தரும்? உயர்கல்வி நூல்களிற் பல துறைகளுக்கும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் ஏவரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். உணவு, குடும்பம், பயணம் எனத் தொடங்கும் பொதுப்பாடங்கள் அவற்றைச் சென்றடையுமுன் மாணவரின் இறுதிப் பரீட்சையே முடிந்துவிடலாம்!

கற்போர் தாமே சொற்களை இட்டுக்கொள்ளக்கூடிய ஆன்கி என்னும் செயலி 2006 முதல் உள்ளது. பாடநூலில் அன்று இடறிய சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு அதிற் பதிந்து மீட்டுவரின், அடுத்த அதிகாரத்தை வாசிக்கையில் அச்சொல் தடையாக நில்லாது. அங்கு ஊக்கலைத் தருவது விளங்கிய பக்கமேயாகும். ஆயினும் கவர்ச்சியோ போட்டி வரிசையோ அற்ற இம்முறையை முதல் வாரங்களிலேயே பலர் கைவிடக்கூடும். எந்நூலின் எவ்வதிகாரத்திலிருந்து சொற்களைத் தேர்வது என்பதை ஆங்கில ஆசிரியரும் துறைசார் விரிவுரையாளரும் கூடித் தீர்மானித்து, அந்த முதல் வாரங்களில் மாணவருடன் நிற்றல் வேண்டும்.