இன்னொரு கிருஷ்ணன்

நாகர்கோவிலில் போய் ‘கிருஷ்ணன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நம்ம கலைவாணரா?’ என்பார்கள். தப்பில்லை. ஆனால் அதே ஊரில் 1937இல் இன்னொரு கிருஷ்ணனும் பிறந்தார். டென்னிஸ் ராமநாதன் கிருஷ்ணன். ‘அட, அவரும் நம்ம ஊரா?’ என்று கேட்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

விஷயம் தெரிந்தவர்களும் இரண்டே வரிதான் சொல்வார்கள். 1954இல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்த முதல் ஆசியர். 1960, 61இல் பெரியவர்கள் விம்பிள்டனில் அரையிறுதி வரை போனார்; பாவம், கோப்பை கிடைக்கவில்லை. இந்தப் ‘பாவம்’தான் எனக்கு உறுத்துகிறது.

குறையை முதலில் சொல்லிவிடுவோம். அவருடைய சர்வீஸ் ரொம்பச் சாது. அந்தக் காலத்துப் புல்தரையில் சர்வீஸ்தான் பாதி ஆட்டம். 60இல் நீல் ஃப்ரேசரிடமும் 61இல் ராட் லேவரிடமும் நேர் செட்களில் தோற்றார். இருவருமே அந்தந்த வருஷத்துச் சாம்பியன்கள். 1962இல் தரவரிசையில் நான்காம் இடம் கொடுத்தார்கள். கணுக்கால் காயம், பாதியிலேயே விலகவேண்டியதாயிற்று.

அப்படியானால் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்? எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித்தான். பாய்ந்து வருகிற பந்தைச் சும்மா தொட்டு, ஆள் இல்லாத மூலைக்கு அனுப்பிவிடுவார். பந்தை அவர் அடித்ததைவிட வைத்ததே அதிகம். 61 காலிறுதியில் ராய் எமர்சனை இப்படித்தான் 6-1, 6-4, 6-4 என்று கவிழ்த்தார். எமர்சன் லேசுப்பட்ட ஆளில்லை, பாத்துக்கிடுங்க. ஒற்றையரில் மட்டும் 12 கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றவர்.

இனி அந்தப் பணக் கதை. 1968க்கு முன்பு தொழில்முறைக்குப் போனவருக்கு விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவுக்குக் கூப்பிட்டு, மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர் பேசினார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். நாம் இதற்குத் ‘தியாகம்’ என்று ஒரு மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கணக்குப் பார்க்க வேண்டாமா? ரோஸ்வால், கோன்சாலஸ் மாதிரி ஆட்களோடு ஊர் ஊராக மோதியிருந்தால் அந்தச் சாது சர்வீஸுக்கும் முறுக்கேறியிருக்கலாம். அது நஷ்டம்.

வரவு? 1966, கல்கத்தா. பிரேசிலோடு 2-2. கடைசி ஆட்டத்தில் தோமஸ் கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால் நிற்கிறார். நான்காவதிலும் 5-2. பார்க்கிறவன் செருப்பைத் தேடுகிற நேரம். அங்கிருந்து கிருஷ்ணன் 7-5, 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்றும், நியூகோம்ப்-ரோச் ஜோடியை இவரும் ஜெய்தீப் முகர்ஜியும் சாய்த்த இரட்டையர் ஆட்டம்.

தொழில்முறைக்குப் போயிருந்தால் கல்கத்தாவும் இல்லை, மெல்போர்னும் இல்லை. ஆட்டக்காரராக அவர் விட்டதைப் பார்வையாளர்களாக நாம்தான் அள்ளிக்கொண்டோம். வாங்கித் தின்றவன், கொடுத்தவரைப் பார்த்துப் ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டுவது நல்லாவா இருக்கு?