பெயரும் எண்ணிக்கையும்: அண்மைச் சமரின் சித்திரிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

போரைப் பொருளாகக் கொண்ட வீடியோ விளையாட்டுகள் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்கின்றன. அவை இளைஞரை வன்முறைக்குப் பழக்குமா, பழக்காவா என்பதே அவ்வினா. அதனை உளவியலாளரிடமும் பெற்றோரிடமும் விட்டுவிடலாம். இலக்கிய விமர்சனம் கேட்க வேண்டிய வினா வேறு. ஒரு கலைவடிவம் போரை எவ்வாறு காணும்படி நம்மைப் பயிற்றுகின்றது? அக்காட்சியில் எது இடம்பெறுகின்றது, எது இடம்பெற முடியாது போகின்றது? இவ்வினாவை அண்மைச் சமர் என்னும் ஒரு கூறு தொடர்பாக மட்டும் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம். பீரங்கிக்கும் விமானத்துக்கும் எதிரி என்பவன் வரைபடத்தில் ஒரு புள்ளி. கை எட்டும் தூரத்தில் அவன் மூச்சு விடும் ஓர் ஆள். ஆகவே, போரை ஒரு வடிவம் எத்துணை உண்மையாகக் கொள்கின்றது என்பதை அந்தத் தூரத்தில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாவலும் விளையாட்டும் ஒரே களத்தில் சந்திக்கும் இடம் அது. அப்போரில் மாண்டோரிற் பெரும்பான்மையோரைக் கொன்றது எறிகணையே. துப்பாக்கி முனைக் கத்தியாற் காயப்பட்டோர் தொகை மிகச் சிறிது. எனினும் அகழிகளுள் இரவில் நடந்த திடீர்த் தாக்குதல்களில் மனிதர் மனிதரைக் கையாலேயே கொன்றனர். ஆணி அறைந்த தடிகள், குத்துக் கத்திகள், கைக்குண்டுகள், ஓரம் தீட்டிய மண்வெட்டிகள் ஆகியனவே அங்கு ஆயுதங்கள். பயிற்சி முகாமில் துப்பாக்கி முனைக் கத்தி வீரத்தின் சின்னமாகப் போற்றப்பட்டது. அகழியிலோ, குத்திய கத்தி எலும்பிற் சிக்கிக்கொள்ளும் என்பதால் மண்வெட்டியே விரும்பப்பட்டது. இந்நூற்றாண்டின் வீடியோ விளையாட்டு மண்வெட்டியை மறக்கவில்லை. அது மறந்தது வேறொன்று.

எரிக் மரியா றெமார்க்கின் 'மேற்குப் போர்முனையில் புதிதாக எதுவுமில்லை' 1928இன் இறுதியில் பத்திரிகைத் தொடராகவும் 1929இல் நூலாகவும் வெளிவந்தது. அதன் ஒன்பதாம் இயலில் பவுல் பொய்மர் என்னும் இளைஞன் இரவு வேவுக்குச் சென்று வழி தவறி ஓர் எறிகணைக் குழியுள் ஒளிந்திருக்கின்றான். பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் அதே குழியுள் வந்து விழுகின்றான். பவுல் சிந்திக்கவில்லை, குத்திவிடுகின்றான். விளையாட்டொன்றில் இக்காட்சி இவ்விடத்தில் முடிந்துவிடும். நாவலில் இங்குதான் தொடங்குகின்றது. குத்துண்டவன் உடனே சாகவில்லை. விடிகின்றது. வெளியே துப்பாக்கிச் சூடு ஓயாமையாற் பவுல் குழியை விட்டு வெளியேற முடியாது. தான் கொன்றுகொண்டிருப்பவனோடு தானும் அடைபட்டுக் கிடக்கின்றான். சேற்று நீரை அள்ளிப் பருக்குகின்றான். காயங்களுக்குக் கட்டுப் போடுகின்றான். பிற்பகல் மூன்று மணியளவிலேயே அம்மனிதன் இறக்கின்றான்.

இங்கு றெமார்க் செய்தது என்ன? வாசகனுக்கு இரத்தத்தைக் காட்டுவது எளிது. அவரோ நேரத்தைக் காட்டினார். அண்மை என்பது தூரம் பற்றிய விடயம் மட்டுமன்று, கால அளவு பற்றியதுமாகும் என்பதை இக்காட்சி நிறுவுகின்றது. அரை நாள் அருகிருந்தமையாலேயே எதிரி மனிதனாகின்றான். அதன் பின்னரே இறந்தவனின் சட்டைப் பையிலிருந்து கடிதங்களும் ஒரு பெண்ணும் சிறுமியும் உள்ள புகைப்படங்களும் வெளிவருகின்றன. பவுல் பெயரைப் பார்க்கவே அஞ்சுகின்றான். பெயர் தெரிந்துவிட்டால் அது தன்னை விட்டு நீங்காது என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் பார்த்துவிடுகின்றான். ஜெரார் டுவால், அச்சுக்கோப்பாளர்.

பெயரோடு தொழிலும் வருவது மனங்கொள்ளத்தக்கது. பிரபுவோ அதிகாரியோ அல்லன், அச்சகத் தொழிலாளி. ஐரோப்பியத் தொழிற்சங்க வரலாற்றில் அச்சுத் தொழிலாளர் பெற்ற இடத்தை அறிந்தோர்க்கு இத்தெரிவு வெறுந் தற்செயலாகப் படாது. தானும் அச்சுக்கோப்பாளனாகிவிட வேண்டும் என்று பவுல் பிதற்றும் இடத்தில் இரண்டு படைச் சீருடைகளுக்கு அடியில் கிடந்த ஒரு பொதுமை கணநேரம் தலைகாட்டுகின்றது.

ஆனால் அவ்வியல் அங்கு முடியவில்லை. மறுநாட் காலையில் பவுல் நண்பரிடம் நடந்ததைச் சொல்கின்றான். அவர்கள் அவனைத் தேற்றும் முறை வியப்பானது. அகழி விளிம்பில் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகளுடன் நிற்கும் குறிசுடுநரைச் சுட்டிக்காட்டுகின்றனர். ஓல்றிக் என்னும் சார்ஜன்ட் சுடுகின்றான், பட்டதும் மகிழ்கின்றான், அன்றைய கணக்கைப் பெருமையோடு கூறுகின்றான். இப்படியே போனால் அவனுக்குப் பதக்க நாடாவும் பதவி உயர்வும் கிடைக்கும் என்கின்றனர். பவுல் அமைதியடைகின்றான்.

இந்நாவல் பற்றிய விமர்சனங்கள் குழிக் காட்சியை விதந்து பேசிய அளவுக்கு இச்சிறு பின்குறிப்பைப் பொருட்படுத்தவில்லை என்றே தோன்றுகின்றது. எமது கருத்தில் இயலின் முழு அர்த்தமும் இவ்விரு பகுதிகளின் உறவிலேயே தங்கியுள்ளது. கொலை இரு வகையிற் காட்டப்படுகின்றது. ஒன்று அண்மையில் நிகழ்வது, அதன் முடிவில் ஒரு பெயர் கிடைக்கின்றது. மற்றையது தொலைவில் நிகழ்வது, அதன் முடிவில் கிடைப்பது எண்ணிக்கை. பெயரால் நோயுற்றவனுக்கு எண்ணிக்கை மருந்தாகக் கொடுக்கப்படுகின்றது. இராணுவம் என்னும் நிறுவனம் மனச்சாட்சியை எவ்வாறு கையாளுகின்றது என்பதற்கு இதனினும் சுருக்கமான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

முற்போக்கு விமர்சனம் றெமார்க்கிடம் கண்ட குறை ஒன்றுண்டு. போரின் காரணங்களை அவர் ஆராயவில்லை, மூலதனமும் காலனிகளும் அவர் பார்வைக்குள் வரவில்லை என்பதே அது. அக்குறை மெய்யானது. 1916இல் 'நெருப்பு' நாவலை எழுதிய பார்பூஸ், போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரெஞ்சுப் படைவீரன் ஒருவனின் வாயால் கார்ல் லீப்னெக்றின் பெயரை உச்சரிக்க வைத்தார். றெமார்க்கிடம் அத்தகைய திசை இல்லை. ஆயினும் பவுலின் உறுதிமொழி மறுநாளே கரைந்துபோவதை அவர் மறைக்கவில்லை. ஓர் ஆசிரியர் தமது பாத்திரத்தை அதன் சொந்த வாக்குறுதியிலிருந்து காப்பாற்ற மறுப்பதும் யதார்த்தவாதத்தின் ஒரு கடமையே. 1933இல் நாஜிகள் இந்நூலைத் தீயிலிட்டமைக்கு அதன் அமைதிவாதம் மட்டுமே காரணமாகாது. வீரம் என்ற சொல்லை இது உள்ளீடற்றதாக்கிவிட்டது.

மறுபுறத்தில், அண்மைச் சமரைப் புத்துயிர் தரும் அனுபவமாகவே கொண்டாடியவர் ஏர்ன்ஸ்ற் யுங்கர். அவருடைய 'உருக்குப் புயல்' 1920இல் வெளிவந்தது. வியப்பு என்னவெனில், அவர் நூலிலும் ஒரு புகைப்படம் உண்டு. 1918 மார்ச்சுத் தாக்குதலின்போது காயமுற்ற பிரித்தானிய வீரன் ஒருவனின் தலையிற் கைத்துப்பாக்கியை வைக்கின்றார். அவன் தன் குடும்பத்தின் புகைப்படத்தை எடுத்து நீட்டுகின்றான். யுங்கர் சுடாமல் விலகிச் செல்கின்றார். போரைப் போற்றும் கருத்துநிலை கொண்ட எழுத்தாளரின் நூலிலும், கை எட்டும் தூரத்தின் பொருண்மை அக்கருத்துநிலையை ஒரு கணம் தோற்கடித்துவிடுகின்றது.

பெயர் என்னும் இக்கூற்றுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. க. கைலாசபதி 1968இல் வெளியான தமது ஆங்கில நூலில் வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்த சங்கப் பாடல்களில், எதிரியின் தகுதியே வென்றவனின் தகுதி. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கிப் பாடும் வெண்ணிக்குயத்தியார், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த தோற்றவனையே உயர்ந்தவனாக்குகின்றார். ஆனால் அங்கு நினைவுகூரப்படுவோர் மன்னர். வீழ்ந்த மறவர் சிலருக்கு நடுகல்லிற் பெயர் கிடைத்ததெனினும் அது தன் பக்கத்தாருக்குக் கிடைத்த சிறப்பே. எதிர்ப் படையின் காலாளுக்குப் பெயர் இல்லை. அதனை அவனுக்கு வழங்கிய வடிவம் நாவல். மன்னனிடமிருந்து அச்சுக்கோப்பாளனுக்குப் பெயர் இறங்கி வந்த இப்பாதை இலக்கிய வடிவங்களின் வரலாற்றில் அற்பமானதன்று.

இனி விளையாட்டுக்கு வருவோம். சுவீடனின் டைஸ் நிறுவனம் உருவாக்க, அமெரிக்காவின் இலெக்ரோனிக் ஆர்ட்ஸ் 2016இல் வெளியிட்ட 'பற்றில்பீல்ட் 1' மேற்குப் போர்முனையை விரிவாக மீளமைக்கின்றது. அதன் முன்னுரைப் பகுதிக்கு யுங்கர் நூலின் ஆங்கிலத் தலைப்பே சூட்டப்பட்டுள்ளது. தற்செயலோ அல்லவோ, அது பொருத்தமான பெயர்தான். இப்பகுதியில் ஆடுபவர், தம் நாட்டு இராணுவத்தின் நிறவெறியாற் பிரெஞ்சுத் தலைமையின் கீழ்ப் போரிட்ட அமெரிக்கக் கறுப்பினப் படைப்பிரிவைச் சேர்ந்த வீரராகின்றார். அவர் பிழைக்கப்போவதில்லை. இறந்ததும் திரையில் ஒரு பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் தோன்றுகின்றன. உடனே இன்னொரு வீரரின் உடலுக்குள் புகுகின்றார். மீண்டும் ஒரு பெயர். முடிவில் அமெரிக்கன் ஒருவனும் ஜேர்மானியன் ஒருவனும் நேருக்கு நேர் துப்பாக்கி நீட்டி, பின் அதனைத் தாழ்த்துகின்றனர்.

இப்பகுதியின் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெல்வதற்கென்றே அமைந்த ஒரு வடிவம் தோல்வியைக் கொண்டு தொடங்குவது துணிவுதான். எனினும் இரண்டு விடயங்களை அவதானிக்க வேண்டும். திரையில் தோன்றும் பெயர்கள் யாவும் ஆடுபவரின் பக்கத்துப் பெயர்கள். அவர் கொன்ற ஜேர்மானியருக்குப் பெயர் இல்லை. நடுகல்லின் நிலைக்கு இவ்வடிவம் திரும்பிவிட்டது. அடுத்து, துப்பாக்கி தாழும் அந்த இறுதிக் கணம் ஆடுபவரின் செயலன்று. அவரது கையிலிருந்து ஆட்டம் எடுக்கப்பட்டு, வெறுங் காட்சியாகக் காட்டப்படுகின்றது. சுடுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. சுடாமல் அருகிருப்பதற்குப் பொத்தான் இல்லை.

முன்னுரை முடிந்து, பலர் ஒருங்கே இணைந்து ஆடும் பகுதிக்குச் சென்றால் நிலைமை இன்னும் தெளிவாகின்றது. மண்வெட்டி, தடி, கத்தி எல்லாம் உள்ளன. குத்து இரண்டொரு விநாடியில் முடிகின்றது, புள்ளி சேர்கின்றது. விழுந்த உடல் சிறிது நேரத்தில் களத்திலிருந்து மறைந்துவிடுகின்றது. கொல்லப்பட்டவரின் பெயரும் திரையில் வருகின்றதே என்று சிலர் கூறக்கூடும். அது எங்கோ ஓர் அறையில் உயிரோடிருக்கும் ஆட்டக்காரர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர். சில விநாடிகளில் அவர் மீண்டும் களத்துக்கு வருவார். ஆகவே அப்பெயர் எண்ணிக்கைக்கு ஒட்டப்பட்ட ஒரு சீட்டு மட்டுமே.

இத்தொடரின் முந்திய வெளியீடுகளுள் 2011இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதனினும் கூர்மையான சான்று ஒன்று கிடைக்கின்றது. எதிரியைப் பின்னாலிருந்து கத்தியாற் கொன்றால் அவன் கழுத்திலுள்ள அடையாளத் தகட்டைப் பறிக்கலாம். பறித்த தகடுகள் ஆடுபவரின் சேகரிப்பிற் சேரும். அடையாளத் தகடு எதற்காகத் தோன்றியது? சிதைந்த உடலுக்கும் பெயர் இருக்க வேண்டும், வீட்டாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதற்காக. ஜெரார் டுவாலின் சட்டைப் பையில் இருந்த சிறு புத்தகம் செய்த அதே பணியைச் செய்வது அது. விளையாட்டில் அது வெற்றிச் சின்னமாகின்றது. பவுல் அஞ்சி அஞ்சிப் படித்த பெயரை இங்கு ஓல்றிக் கணக்கிற் சேர்த்துக்கொள்கின்றான். அண்மைச் சமரின் தூரமும் குறிசுடுநனின் கணக்கும் ஒரே செயலில் இணைக்கப்பட்டுள்ளன. றெமார்க் எதிரெதிராக நிறுத்தியவற்றை இவ்வடிவம் முரண்பாடே இல்லாமற் கலந்துவிட்டது. இறந்தோரை அடையாளங் காண்பதே இன்னும் தீராத வழக்காக உள்ள எமது நாட்டில், 2009க்குப் பின் பிறந்த மாணவர்களும் இத்தகைய விளையாட்டுகளை ஆடுகின்றனர். அவர்களைப் பழிப்பது எமது நோக்கமன்று. அந்தத் தகடு என்ன பொருள் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியுள்ளனரா என்றே கேட்கின்றோம்.

இதனைத் தயாரிப்பாளரின் தீய எண்ணம் என விளக்குவது போதாது. லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றில், நிகழ்வில் பங்குகொள்பவனின் நோக்கில் எடுத்துரைப்பதையும் வெளியே நின்று விவரிப்பதையும் வேறுபடுத்தி முன்னையதை உயர்த்தினார். வீடியோ விளையாட்டைப் போல் வாசகனைப் பங்காளியாக்கிய வடிவம் முன்பு இருந்ததில்லை. ஆயினும் அப்பங்கேற்பிற் பவுலின் அனுபவம் நிகழ முடியவில்லை. காரணம், அதனுள் எல்லாச் செயல்களும் ஒரே அலகினால் அளக்கப்படுகின்றன. காயத்துக்குக் கட்டுவதற்கும் புள்ளி, கழுத்தை அறுப்பதற்கும் புள்ளி. தரம் வேறுபட்ட செயல்களையெல்லாம் ஒப்பிடத்தக்க அளவாக மாற்றும் இந்த அலகு எங்கிருந்து வந்தது என்பதைப் பண்டம் பற்றிய மார்க்சின் ஆய்வைக் கற்றோர்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இராணுவம் இதனை விரைவிலேயே உணர்ந்துகொண்டது. அமெரிக்கத் தரைப்படை ஆட்சேர்ப்புக்கென்றே 2002இல் சொந்தமாக ஒரு விளையாட்டை வெளியிட்டு 2022 வரை நடத்தியது.

அவ்வாறாயின் இவ்வடிவத்தினால் வேறெதுவும் இயலாதா? இயலும் என்பதற்கு 2014இல் யுபிசொஃப்ற் நிறுவனம் வெளியிட்ட 'வேலியன்ற் ஹார்ட்ஸ்' என்னும் சித்திரப் பாணி விளையாட்டு சான்றாகின்றது. அதே போர், அதே அகழிகள். நாயகருள் ஒருவர் எமில் என்னும் முதிய பிரெஞ்சு விவசாயி. மகளை மணந்தவன் ஜேர்மானியன் ஆதலால் எதிர்ப் படையில் இருப்பது அவர் குடும்பமே. ஆடுபவர் எமிலின் கையிலுள்ள மண்வெட்டியைக் கொண்டு பெரும்பாலும் மண்ணையே தோண்டுகின்றார், வழி திறக்கின்றார். 1917இல், நிவெல் தளபதியின் தாக்குதலில், படைவீரரைச் சாவுக்குள் துரத்தும் தன் பக்கத்து அதிகாரியை எமில் அம்மண்வெட்டியால் அடிக்கின்றார். அதிகாரி இறக்கின்றான். அவ்வாண்டு பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பலவற்றில் உண்மையிலேயே கிளர்ச்சி நிகழ்ந்தது, கிளர்ந்தோர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எமிலும் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுகின்றார். சுடுவோர் அணி காத்திருக்கும் கம்பத்துக்கு அவரை நடத்திச் செல்வதும் ஆடுபவரே. அந்த நடைக்குப் புள்ளி எதுவும் இல்லை.