தோட்டத்துக்கு முதுகு காட்டும் வீடு

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நியூயார்க்கில் வீடு வாங்கப் பார்க்கிறார். "அண்ணா, பழைய கட்டடம்னா நீங்கதான் குடைஞ்சு குடைஞ்சு பார்ப்பீங்களே, ஒரு தடவை வாங்க" என்றார். குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதி. 1920களின் செங்கல் கட்டடம், நாலாவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை, முழுக்கப் புதுப்பித்தது. ஒரு ஞாயிறு மதியமும் அப்புறம் ஜனவரியில் ஒரு ராத்திரியும் போனேன். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுற மாதிரி இந்த வீட்டுக்கும் எழுதிடலாம்னு தோணிச்சு.

முதலில் மூலக்கதை. 1909ல் குவீன்ஸ்பரோ பாலம் திறந்தது, 1917ல் இந்தப் பக்கம் ரயில் வந்தது. எட்வர்ட் மக்டூகல் என்பவரின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் இங்கே நிலத்தை வளைத்துப் போட்டு, தெருவை ஒட்டிக் கட்டடங்களும் நடுவில் பெரிய தோட்டமுமாகக் கட்டியது. ஆண்ட்ரூ தாமஸ் மாதிரியான கட்டடக் கலைஞர்கள் மனையை முழுக்க அடைக்காமல், வெளிச்சமும் காற்றும் உள்ளே வர இடம் விட்டார்கள். அந்தக் காலத்து நியூயார்க்கின் இருட்டுக் குடியிருப்புகளுக்கு இது ஒரு பதில். அதாவது, இந்த வீட்டின் கதாநாயகன் தோட்டம்தான்.

புதுப்பித்தவர் அந்தக் கதாநாயகனையே வெட்டிட்டார்!

நல்லதை முதலில் சொல்லிடறேன். பழைய ஓக் தரையை மூடாமல் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார். வயரிங் புதுசு. குளியலறை சுத்தமான வேலை. சமையலறையை வேறு இடத்துக்கு மாற்றவில்லை, மாற்றவும் முடியாது. கீழ்வீட்டுக்காரர் படுக்கிற இடத்துக்கு மேலே தண்ணீர் புழங்கும் அறை வரக்கூடாது என்பது பெரும்பாலான கோ-ஆப்களில் விதி. அதனால் சுவரை இடித்து "ஓப்பன் கிச்சன்" ஆக்கிட்டார். நீளமாக ஒரு கல்மேடை, நாலு உயர ஸ்டூல், எதிரே டிவி சுவர். ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்க: தோட்டம் பார்த்த ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கும். நம்ம வீட்டில் தாளிச்சா வாசம் நேரா படுக்கைக்கே போகும், அது தனி.

ராத்திரி போனப்போதான் அடுத்த குறை தெரிந்தது. டங், டங்னு ஒரு சத்தம். இந்தக் கட்டடத்தில் ஒற்றைக் குழாய் நீராவி வெப்பம். நீராவி மேலே வருவதும், குளிர்ந்து தண்ணீரானது கீழே இறங்குவதும் ஒரே குழாயில். அதனால் ரேடியேட்டர் குழாய்ப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கணும். இல்லாட்டி உள்ளே தண்ணீர் தேங்கி, அடுத்து வரும் நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய் மோதும். அடியில் சின்ன மரத்துண்டு சொருகினாலே பல சமயம் சரியாகிடும். ஆனா இங்கே அழகுக்காக ஒரு வெள்ளைப் பெட்டி அடித்து ரேடியேட்டரை மூடிட்டாங்க. வால்வைத் தொடக்கூட வழியில்லை. என் தொழிலில் இதுக்குப் பேரு, பழைய கோடைப் படிக்காமல் மேலே புது ஸ்கிரீன் ஒட்டுவது.

1993லிருந்து இந்தப் பகுதி பாரம்பரிய வட்டாரம். வெளித்தோற்றத்தில் கைவைக்க நகர ஆணையத்தின் அனுமதி வேணும். உள்ளே அந்தக் காவல் கிடையாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கோ-ஆப்பில் நீங்க வீடு வாங்குவதில்லை. கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளையும் குடியிருக்கும் உரிமையையும் வாங்குறீங்க. பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த குழு உங்க வரவு செலவைப் பார்த்து, நேர்காணல் வைத்து, வேண்டாம்னும் சொல்லலாம். காரணம் சொல்லணும்னு அவசியமில்லை. ஜாக்சன் ஹைட்ஸில் ஆரம்பத்தில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் வெளியே நிறுத்தியதை நினைத்தால் இது சாதாரண விதியாகத் தெரியாது. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுப்பது இன்று சட்டவிரோதம். ஆனா காரணமே சொல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பது?

"அண்ணா, நம்மளை எடுத்துக்குவாங்களா?" என்று தம்பி கேட்டதும் அதைத்தான். 74ஆம் தெரு முழுக்க நம்ம ஊர்க் கடைகள் இருக்கிற பேட்டையில் இப்படிக் கேட்க வேண்டியிருக்கு.

நான் சொன்னது இவ்வளவுதான்: "கல்மேடைக்குன்னு ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீங்க. நீங்க வாங்கறது கிச்சனை இல்ல, பாய்லர்லயும் கூரையிலயும் ஒரு பங்கு. நிறுவனத்தோட கணக்கை வாங்கிப் படிங்க. கட்டடத்து மேல கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, பாய்லர் எப்போ மாத்தினதுன்னு கேளுங்க. மாசாமாசம் கட்டற பணம் அதை வச்சுத்தான் ஏறும்."

கணக்கு நல்லாவே இருந்தது. விண்ணப்பம் போட்டுட்டார், அடுத்த மாசம் நேர்காணல். கிடைத்தால் முதல் வேலையா அந்த வெள்ளைப் பெட்டியைக் கழற்றணும், ஸ்டூல்களைத் தூக்கிட்டு ஜன்னலோரமா ஒரு சின்ன மேஜை போடணும் என்றார். விமர்சகனுக்கு வேற என்ன வேணும்?