சாக்லேட்டை மெல்லாமல் சாப்பிடுவது எப்படி?

கடையில் சாக்லேட்டை எடுத்ததும் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் விளம்பரக்காரர்களுடையது. விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். நம் கடைகளில் விற்கும் பால் சாக்லேட்டில் அநேகமாக எல்லாவற்றிலும் முதலில் நிற்பது சர்க்கரை. அடுத்தது பால் பொருட்கள். கோகோ அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். அதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வரவில்லை, பால்கோவாவையும்தான் சாப்பிடுகிறோம். நாக்குக்குப் பிடித்திருப்பது கோகோவா, சர்க்கரையும் பாலுமா என்று தெரிந்துகொண்டு சாப்பிடலாமே என்பதுதான் என் கட்சி.

அதே பட்டியலில் ‘தாவரக் கொழுப்பு’ இருக்கிறதா என்றும் பாருங்கள். கோகோ கொட்டையின் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கோகோ வெண்ணெய் என்பது அதைத்தான். விலை அதிகம், அழகுசாதனப் பொருள் செய்கிறவர்களும் வாங்குகிறார்கள். அதனால் அதை எடுத்துவிட்டு பாமாயில் வகைக் கொழுப்பைச் சேர்த்துச் செய்யும் மலிவுச் சரக்கு ஒன்று உண்டு. பேக்கரிக்காரர்கள் அதை ‘காம்பவுண்டு’ என்பார்கள். கேக்கின் மேல்பூச்சு, குச்சி ஐஸ்கிரீமின் மேல் ஓடு, பிஸ்கட்டின் பழுப்புப் பூச்சு எல்லாம் பெரும்பாலும் இதுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ‘ஹோம் மேட்’ என்று எடைபோட்டுத் தருகிறார்களே, அதில் பலவும் வெளியிலிருந்து வந்த கட்டியை உருக்கி, முந்திரி திராட்சை போட்டு மறுபடி உறையவைத்தவை. ஊட்டிக் குளிரில் கோகோ மரம் வளராது. அந்தக் கட்டி நிஜ சாக்லேட்டா, காம்பவுண்டா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கேட்கக் கூச்சமாக இருந்தால் வாயிலேயே சோதிக்கலாம். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே. எனவே நல்ல சாக்லேட் நாக்கில் வைத்த சில நொடிகளில் இளகத் தொடங்கி, கடைசியில் மிச்சமில்லாமல் போய்விடும். பல காம்பவுண்டுகள் அவ்வளவு சுத்தமாக உருகாது. மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் தங்கும். பல்லால் கடித்து விழுங்கினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ரசிப்பதற்கு முதல் விதி மெல்லாமல் இருப்பது என்று சொல்வது இதனால்தான்.

டார்க் சாக்லேட் உறையில் 70% என்று இருந்தால், கொட்டையிலிருந்து வந்தவை எல்லாம் சேர்ந்து 70 பங்கு என்று பொருள். கோகோத் தூளும் கோகோ வெண்ணெயும் அதில் அடக்கம். மீதி 30 பங்கில் பெரும்பாலும் சர்க்கரை. ஒரே 70% போட்ட இரண்டு சாக்லேட்டில் ஒன்று வழுவழுப்பாகவும் இன்னொன்று கடும் கசப்பாகவும் இருக்கக் காரணம் உண்டு. முதலாவதில் வெண்ணெய் கூடுதலாக இருக்கலாம். கொட்டை, வறுவல், நொதித்தல் மூன்றும்கூட மாறியிருக்கலாம். எண் பெரிதானால் தரம் உயரும் என்பது தவறான எண்ணம். பால் சாக்லேட்டிலேயே பழகிய நாக்கு எடுத்த எடுப்பில் 85க்குத் தாவினால், அன்றோடு டார்க் சாக்லேட்டுக்கே முழுக்குப் போட்டுவிடும். 50, 55 என்று தொடங்குங்கள். சில மாதம் கழித்துப் பழைய பால் சாக்லேட்டை எடுத்துக் கடித்தால் திகட்டும். அப்போது 70க்குப் போகலாம். நான் 75க்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் தண்டனை.

இந்தச் சுவை எங்கிருந்து வருகிறது? பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போகிறவர்கள் தென்னந்தோப்பின் நிழலில் கோகோ மரத்தைப் பார்த்திருக்கலாம். காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். பழுத்த காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் முப்பது நாற்பது இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும், சப்பிச் சாப்பிடலாம். கொட்டையைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள், கசப்பும் துவர்ப்பும்தான்; சாக்லேட் வாசம் கொஞ்சம்கூட இருக்காது. கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து மூடி, இடையிடையே கிளறிவிட்டு, ஐந்தாறு நாள் நொதிக்கவிடுவார்கள். குவியல் தானாகவே 45 டிகிரிக்கு மேல் சூடேறும். பிறகு வெயிலில் காயவைப்பார்கள். நொதித்தலில் சொதப்பிய கொட்டையை எந்தத் தொழிற்சாலையாலும் காப்பாற்ற முடியாது. நல்ல சாக்லேட்டின் சரிபாதி வேலை தோட்டத்திலேயே, விவசாயி கையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கான கூலியில் சரிபாதி அவருக்குப் போவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

வறுத்து, தோல் நீக்கி, அரைக்கும் கட்டத்தில் நமக்குப் பெருமையான ஒரு சங்கதி இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டிலேயே கொட்டையிலிருந்து சாக்லேட் செய்ய முயன்றவர்களுக்குப் பெரிய ஆலை இயந்திரம் கட்டுப்படியாகவில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தது இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர். கருங்கல் உருளை இரண்டு மூன்று நாள் நிற்காமல் சுற்றினால் நாக்கில் மணல் தட்டாத அளவுக்குக் கோகோ நைசாகிவிடுகிறது. இன்று கோயம்புத்தூரில் சாக்லேட்டுக்கென்றே கிரைண்டர் செய்து உலகமெங்கும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

இனி சாப்பிடும் முறை. சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். காரம் தின்ற வாய் எதையும் கேட்காது. காபி குடித்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். நம் ஊர்க் கோடையில் சாக்லேட் மேசையிலேயே கூழாகிவிடும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியைத் தவிர்க்க முடியாது. ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய மீன் குழம்பும் பூண்டு ஊறுகாயும் அதில் ஏறிவிடும். எடுத்தவுடன் திறக்கக் கூடாது. மூடிய டப்பாவிலேயே கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். உடனே திறந்தால், சில்லென்ற சாக்லேட்டின் மேல் காற்றின் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, பிறகு வெள்ளைப் படிவமாக உறையும். உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டிலும் வெள்ளை பூக்கும், அது மேலே வந்த கொழுப்பு. இரண்டும் பூஞ்சை கிடையாது, கெடுதலும் கிடையாது. மொறுமொறுப்பும் வழுவழுப்பும்தான் போயிருக்கும். அப்படி ஆனதைப் பாலில் கரைத்துவிடலாம்.

ஒரு துண்டை உடையுங்கள். ‘டக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தாலோ பொடிந்தாலோ பதம் சரியில்லை, அல்லது வெயில் பட்டிருக்கிறது. உடைந்த முனையை முகர்ந்து பாருங்கள். பிறகு நாக்கின் நடுவில் வைத்து மேலண்ணத்தோடு லேசாக அழுத்திக்கொண்டு சும்மா இருங்கள். முதல் சில நொடிக்கு ஒன்றும் தெரியாது. பிறகு இனிப்பு எட்டிப் பார்க்கும். அதன்பின் புளிப்பு, பழவாசம் பெரும்பாலும் அப்போதுதான் ஏறும். மடகாஸ்கர் கோகோ சிவப்புப் பழப் புளிப்புக்குப் பெயர்போனது, ஈக்வடாரின் நாசியோனால் வகை பூவாசத்துக்கு. ஆனைமலைக் கொட்டையில் செய்ததில் எனக்கு உலர்திராட்சையின் புளிப்பு தட்டுப்படும்; உங்களுக்கு வேறு தெரியலாம். உருகி முடிந்தபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வறுவல் வாசம் அப்போது வரும். கடைசியில் நாக்கோரத்தில் துவர்ப்பு நிற்கும். மட்டான சாக்லேட்டில் விழுங்கியதும் எல்லாம் முடிந்துவிடும். நல்லதில் சுவை ஐந்து நிமிடமாவது வாயை விட்டுப் போகாது. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டாவது துண்டுக்குக் கை நீளாது என்பதுதான் இதில் உடம்புக்குக் கிடைக்கும் லாபம்.

உடம்பைப் பற்றி வேறு என்ன சொல்வது? டார்க் சாக்லேட் இதயத்துக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடந்த காஸ்மாஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. இதயநோய் மரணம் மட்டும் குறைந்திருந்தது. அவர்களுக்குக் கொடுத்ததும் கோகோச் சாறு அடைத்த மாத்திரை, சாக்லேட் இல்லை. சர்க்கரைக் கணக்கு எளிது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, சேர்க்கும் சர்க்கரையை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு 50 கிராம் பால் சாக்லேட்டே கிட்டத்தட்ட அதைத் தீர்த்துவிடும். 70% டார்க்கில் 20 கிராம் சாப்பிட்டால் ஆறு கிராம்தான். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் போட்ட சாக்லேட் ருசியில் தனி ரகம், வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு அவை விதிவிலக்கு இல்லை. ‘சுகர் ஃப்ரீ’ என்பதில் பெரும்பாலும் மால்டிடால் இருக்கும். கொஞ்சம் அதிகமானால் வயிறு கலங்கும். இன்னொன்று: 2022 இறுதியில் அமெரிக்கப் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்து, எல்லாவற்றிலும் காட்மியமும் ஈயமும் கண்டது. காட்மியம் மண்ணிலிருந்து கொட்டைக்கு ஏறுகிறது. ஈயம் அறுவடைக்குப் பின் காயவைக்கும்போது தூசியோடு ஒட்டுகிறது. பயந்து தூக்கியெறிய வேண்டாம். தினமும் முழுக் கட்டி என்ற பழக்கம் வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது கூலிக்கு வருவோம். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. சின்னச் சின்னத் தோட்டம், கைக்கும் வாய்க்கும் எட்டாத வருமானம். கூலியாள் வைக்க வழியில்லாத வீட்டில் பிள்ளைகள் அரிவாள் எடுத்துக் காய் உடைக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். 2001இல் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஹார்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, மிக மோசமான குழந்தை உழைப்பை 2005க்குள் ஒழிப்பதாகச் சொன்னன. கெடு தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி அவ்விரு நாடுகளின் கோகோப் பகுதிகளில் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் இந்த வேலையில் இருந்தார்கள்.

நெதர்லாந்தில் டூன் வான் டி கூகன் என்ற பத்திரிகையாளர் சாக்லேட்டைத் தின்றுவிட்டு, குற்றத்துக்கு உடந்தையானேன், என்மேல் வழக்குப் போடுங்கள் என்று போய் நின்றார். அந்தக் கோபத்திலிருந்து 2005இல் பிறந்தது டோனிஸ் சோகோலோன்லி என்ற சாக்லேட் நிறுவனம். அதன் கட்டி ஒழுங்கற்ற துண்டுகளாகப் பிளந்திருக்கும். பங்கு சமமில்லை என்பதை உடைக்கிறவர் கையே உணரட்டும் என்று. அந்த நிறுவனம் தன் விநியோகத்தில் கண்டுபிடித்த குழந்தை உழைப்புச் சம்பவங்களைத் தானே எண்ணி வெளியிடுகிறது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்கிற நிறுவனத்தைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

சான்றிதழ் முத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஃபேர்ட்ரேட் முத்திரை குறைந்தபட்ச விலையையும் கூடுதல் தொகையையும் உறுதி செய்கிறது. தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சாகுபடி முறை, காடு, தொழிலாளர் நிலை ஆகியவற்றைக் கவனிக்கிறது. குறைந்தபட்ச விலை அதில் கிடையாது. இரண்டிலுமே கோகோவுக்கு ‘மாஸ் பேலன்ஸ்’ என்ற ஏற்பாடு உண்டு. சான்று பெற்ற கொட்டையும் பெறாததும் ஆலையில் கலந்துவிடலாம், வாங்கிய அளவும் விற்ற அளவும் ஏட்டில் ஒத்துப்போனால் போதும். ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

இதைவிட நேரான வழி, கொட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று சொல்கிற சாக்லேட்டை வாங்குவது. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ தென்னிந்தியத் தோட்டங்களிலிருந்து கொட்டை எடுத்துச் செய்கிறது. சோக்லெட் என்ற நிறுவனம் ஆனைமலை அடிவாரத்துத் தன் சொந்தத் தோட்டக் கொட்டையில் செய்கிறது. 1973இல் மங்களூரில் தொடங்கிய கேம்ப்கோ விவசாயிகளின் கூட்டுறவு. 1986 முதல் புத்தூரில் அதற்குச் சொந்த சாக்லேட் ஆலை இருக்கிறது, விலையும் நடுத்தர வீட்டுக்கு எட்டும். உள்ளூர்ச் சரக்கு என்பதாலேயே கூலி நியாயம் என்று ஆகிவிடாது. ஆனால் பொள்ளாச்சித் தோட்டக்காரரிடம் பஸ் பிடித்துப் போய் விசாரிக்கலாம். ஐவரி கோஸ்ட் அவ்வளவு பக்கமில்லை.

இந்தச் சாக்லேட்டுகளில் சில, கடைப் பால் சாக்லேட்டைவிட மூன்று நான்கு மடங்கு விலை. மாதம் நாலு வாங்கும் வீட்டில் ஒன்று வாங்கினால் செலவு ஒன்றுதான். இந்தத் தீபாவளிக்கு அலுவலகத்தில் பரிசுப் பெட்டி வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், விலைப்பட்டியல் அனுப்பும் நிறுவனங்களுக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள்: கொட்டை எங்கே விளைந்தது, அதற்கு விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள்? பதில் வராத பெட்டியை வாங்காதீர்கள்.