பக்கவாத்தியம் யாருக்கு?

ராப் பாட்டைப் பற்றி மயிலாப்பூரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அது சங்கீதமே அல்ல என்பது ஒன்று. பேரன் அதைக் கேட்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்பது மற்றொன்று. ஆனால் நாஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், வாஷிங்டன் கென்னடி சென்டரில் நேஷனல் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் தம் 'இல்மாட்டிக்' பாடல்களைப் பாடியிருக்கும் பதிவைப் போட்டுக் காட்டினால், அதே மனிதர்கள், "அட, இது கேட்கும்படி இருக்கிறதே!" என்கிறார்கள். கச்சேரி நடந்தது 2014 மார்ச்சில். தொகுதியாக வெளிவந்தது 2018இல். 'கேட்கும்படி' என்ற அந்த வார்த்தையைத்தான் நான் கொஞ்சம் விசாரிக்க விரும்புகிறேன்.

நாஸ், நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1994இல் 'இல்மாட்டிக்' முதலில் வெளிவந்தபோது அவருக்கு வயது 20. நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற தொகுதி. சிறைக்குப் போன சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதுவதுபோல் அதில் ஒரு பாட்டு உண்டு. பின்னணிக்குப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகள்; ஒரு பாட்டில் அஹ்மத் ஜமாலின் பியானோ இப்படித்தான் வருகிறது. துணுக்கு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. நம் தம்புராவைப் போல அது ஒரு தரை. அதன்மேல் சொல் நடக்கிறது.

வாஷிங்டன் பதிவில் அந்தத் தரையின்மேல் ரத்தினக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வயலின்களும் செல்லோக்களும் அடங்கிய குரலில் துணுக்கைத் தாங்கிப் பிடிக்கும் இடங்கள் அபாரமாக இருக்கின்றன. இயந்திரம் திருப்பிச் சொன்னதை மனிதக் கைகள் திருப்பிச் சொல்லும்போது, அந்தப் பழைய சோகத்துக்கு உடம்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் தந்திகள் பொங்கி எழும் இடங்களில், சினிமாவில் கதாநாயகி அழப்போகிறாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வாத்திய கோஷ்டிதான் நினைவுக்கு வருகிறது. சொல் பின்னுக்குப் போய்விடுகிறது.

இது வாசித்தவர்களின் குற்றம் அல்ல. ஸ்டீவன் ரைனிக்கி என்ற நடத்துநர் கோலை வீசுகிறார். எல்லோருக்கும் முன்னால் ஸ்வரம் எழுதிய காகிதம் இருக்கிறது. பாடுகிறவர் நினைத்த இடத்தில் நின்று, இன்னும் ஒரு சுற்று வரட்டும் என்றால் அத்தனை பேரும் காகிதத்தைத் தாண்டி வருவது சுலபமல்ல. 'சுழலும் இசைத்தட்டுக்கு மட்டும் காது இருக்கிறதா?' என்று நீங்கள் கேட்கலாம். தட்டுக்கு இல்லை, தட்டைச் சுழற்றுகிறவனுக்கு உண்டு. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் தட்டுகளைச் சுழற்றினார். கூட்டத்துக்குப் பிடித்த தாளப் பகுதியை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி வைத்து நீட்டினார். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பிறந்த கலை இது.

எதிராளியைப் பார்த்து வாசிக்கும் வித்தை மயிலாப்பூருக்குப் புதிதா? வயலினே வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இங்கே வந்த வயலின் தரையில் உட்கார்ந்தது, காகிதத்தை விட்டது, பாடகர் எங்கே போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போகக் கற்றது. அதுதான் பக்கவாத்தியம். ராப் பாட்டுக்குத் தந்தி வேண்டுமென்றால், அரங்கு நிறைந்த ஆர்க்கெஸ்ட்ராவைவிட, நம் சபா மேடையில் உட்கார்ந்திருக்கும் ஒற்றை வயலினே பொருத்தமான துணை என்பது என் கட்சி.

இனி, 'கேட்கும்படி' என்ற வார்த்தைக்கு வருகிறேன். கனவான்களின் வாத்தியம் சேர்ந்ததால் தெருப்பாட்டுக்கு அந்தஸ்து வந்துவிட்டது என்பதே அதற்குள் இருக்கும் எண்ணம். 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசம் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக 'இல்மாட்டிக்'கைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்தது 1994ஆம் வருஷத்துப் பழைய பதிவை. கம்பளம் விரித்ததை அல்ல.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு, 19 பேர். கானாவும் ராப்பும் கலந்து, சட்டியும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் முழங்கின. ஜாதியைப் பற்றி முகத்துக்கு நேரே பேசின பாட்டுகள். அவற்றைக் கேட்கும்படி ஆக்க எந்த வயலின் கூட்டமும் வரவேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து கீழ்ப்பாக்கம் சில மைல்தான். வாஷிங்டனைச் சுற்றிக்கொண்டு அங்கே போகவேண்டியதில்லை.

நாஸின் பதிவை அவசியம் கேளுங்கள். கேட்டபிறகு பழைய பதிவையும் ஒருமுறை கேளுங்கள். பக்கவாத்தியம் எவ்வளவு பெரிதானாலும் பாடுகிறவர் யார் என்பதை அப்போது மறக்கமாட்டீர்கள்.